நோயாளியின் அருகிலேயே இரத்த வகை கண்டறிதல்: எளிய பரிசோதனைக்கான கையேடு

ஒரு சொட்டு இரத்தம், மூன்று சிறு புட்டிகளில் வினைப்பொருள், ஒரு வெள்ளைப் பீங்கான் தகடு, இரண்டு நிமிட நேரம்: ஒருவரின் இரத்த வகையை அறிய இவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. மின்சாரமும் மையவிலக்குக் கருவியும் நுண்ணோக்கியும் இல்லாத இடத்தில்கூட இந்தப் பரிசோதனையைச் செய்துவிடலாம். இரத்ததான முகாமில் கொடையாளரை வகைப்படுத்தவும், கர்ப்பிணியை முதன்முதலாகப் பரிசோதிக்கும்போதும், இரத்தம் ஏற்றுவதற்குச் சற்று முன்பு படுக்கையருகே கடைசி முறையாகச் சரிபார்க்கவும் இதுவே கைகொடுக்கிறது. செய்வதற்கு எளிது என்பதனாலேயே இதில் கவனக்குறைவு எளிதில் நுழைந்துவிடுகிறது. ஆகவே, சொட்டுகளை எப்படிக் கலப்பது என்பதைக் காட்டிலும், தகட்டில் தெரிவதை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதற்கே இக்கையேட்டில் அதிக இடம் தரப்பட்டுள்ளது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களையும் ஆய்வக மாணவர்களையும் மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டது.

பரிசோதனையின் அடிப்படை

சிவப்பணுவின் மேற்பரப்பில் ஏ, பி என்னும் ஆன்டிஜென்களில் (அணுவின் அடையாள மூலக்கூறுகளில்) எது இருக்கிறதோ அதை வைத்தே ஒருவர் ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கு வகைகளில் ஒன்றில் சேர்கிறார். 1901-இல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர், தம்முடன் பணியாற்றியவர்களின் சிவப்பணுக்களையும் சீரத்தையும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரையும்) மாற்றி மாற்றிக் கலந்து பார்த்து, சில கலவைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதையும் சிலவற்றில் திரளாமல் இருப்பதையும் கொண்டு மூன்று வகைகளைப் பிரித்துக் காட்டினார். நான்காவதான ஏபி அடுத்த ஆண்டு அவருடைய சக ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. இன்றும் நாம் செய்வது அதே பரிசோதனைதான். அன்று மனிதச் சீரம் இருந்த இடத்தில், இன்று ஆய்வகத்தில் உருவாக்கப்படும் ஒரேவகை ஆன்டிபாடிகள் (குறிப்பிட்ட ஆன்டிஜெனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) இருக்கின்றன. ஏ ஆன்டிஜென் உள்ள அணுக்களை ஆன்டி-ஏ திரளச் செய்கிறது; பி உள்ளவற்றை ஆன்டி-பி திரளச் செய்கிறது; டி என்னும் ஆர்எச் ஆன்டிஜென் உள்ளவற்றை ஆன்டி-டி திரளச் செய்கிறது. டி இருந்தால் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ் என்று வகையின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம்.

வினைப்பொருள்களைப் பேணுதல்

ஆன்டி-ஏ நீல நிறத்திலும் ஆன்டி-பி மஞ்சள் நிறத்திலும் வருகின்றன. ஆன்டி-டி பெரும்பாலும் நிறமற்றது. மூன்றையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. பயன்படுத்துவதற்குச் சற்று முன்பு வெளியே எடுத்து அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, வேலை முடிந்ததும் குளிருக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். நாள் முழுவதும் மேசையில் வெயிலில் நிற்கும் புட்டி, காலாவதித் தேதி இன்னும் தொலைவில் இருந்தாலும், நம்பத்தக்கதல்ல. உள்ளே கலங்கல் தெரிந்தால் கிருமி வளர்ந்திருக்கலாம், அதை ஒதுக்கிவிடுங்கள். ஒரு புட்டியின் மூடியை மற்றொன்றில் மாட்டுவதும், சொட்டுக்குழாயின் நுனி இரத்தத்தைத் தொடுவதும் அந்தப் புட்டியில் மீதமுள்ள அத்தனை சொட்டுகளையும் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், வகை ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த ஏ அணுக்கள், பி அணுக்கள், ஓ நெகட்டிவ் அணுக்கள் ஆகியவற்றை மூன்று வினைப்பொருள்களுடனும் கலந்து பாருங்கள். தெரிந்த அணுக்களில் ஒன்று டி பாசிட்டிவாக இருப்பது அவசியம். இல்லாவிட்டால் ஆன்டி-டி வேலை செய்கிறதா என்பது தெரியவராது. திரள வேண்டியது திரண்டு, திரளக் கூடாதது திரளாமல் இருந்தால் மட்டுமே அன்றைய வேலையைத் தொடங்கலாம். நேர நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது இந்தப் படிதான் என்பது வருத்தத்துக்குரியது. மற்ற எந்தப் படியையும்விட இதுவே பரிசோதனைக்கு உயிர் கொடுக்கிறது.

தகட்டுப் பரிசோதனை

முதலில் பெயர். தகட்டின் ஓரத்தில் நோயாளியின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிவிட்டு, அவரிடமே பெயரைக் கேளுங்கள். “உங்கள் பெயர் முருகன்தானே?” என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவரும் தலையசைத்துவிடுவார். “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பிறகு தகட்டில் நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி, ஒப்பீடு. நான்காவது இடத்தில், ஆன்டிபாடி எதுவும் இல்லாத, வினைப்பொருள் தயாரிப்பாளர் தரும் ஒப்பீட்டுக் கரைசலையோ, அது கிடைக்காதபோது 0.9 சதவீத உப்புநீரையோ இட வேண்டும்.

கையுறை அணிந்துகொண்டு, நோயாளியின் நடுவிரலையோ மோதிர விரலையோ ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாக உலரும் வரை பொறுங்கள். ஈரம் இருக்கும்போதே குத்தினால் ஸ்பிரிட் இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். விரல் நுனியின் நடுப்பகுதியைத் தவிர்த்துப் பக்கவாட்டில், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் லான்செட்டால் (விரல் குத்தும் சிறு ஊசியால்) குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கை குளிர்ந்திருந்தால் முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கிக்கொள்வது நல்லது. இரத்தம் வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து இரத்தம் நீர்த்துவிடும். சிரையிலிருந்து எடுத்து உறையாமல் பாதுகாத்த மாதிரி கைவசம் இருந்தால், அதைப் பயன்படுத்துவதே சிறப்பு. சந்தேகம் வரும்போது மறுபடியும் பார்க்க மிச்சம் இருக்கும்.

வினைப்பொருளை முதலில் இட்டுவிட்டு இரத்தத்தைப் பிறகு சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். நீலமும் மஞ்சளும் அதனதன் இடத்தில் இருப்பதை ஒரு பார்வையில் உறுதி செய்துகொள்ளலாம். புட்டியின் நுனி இரத்தத்தைத் தொடும் வாய்ப்பும் இல்லாமல் போகும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சொட்டு வினைப்பொருளும், அதற்குப் பக்கத்தில் அதைவிடச் சிறிய சொட்டு இரத்தமும் இடுங்கள். துல்லியமான அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத் தாளையே பின்பற்ற வேண்டும். இரத்தம் அதிகமானால் ஆன்டிபாடி போதாமல் திரட்சி மங்கிவிடும். மிகக் குறைந்தால் திரண்டதைக் கண்ணால் காண்பதே கடினமாகிவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிக் குச்சியை எடுத்து, சுமார் 2 சென்டிமீட்டர் விட்டத்துக்குப் பரப்பிக் கலக்குங்கள். நீலத்தில் வைத்த குச்சியை மஞ்சளில் வைத்தால், அந்த மாதிரிக்கான பரிசோதனை அங்கேயே முடிந்துவிட்டது. புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

பின்னர் தகட்டைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் இரு பக்கமும் மெல்லச் சாய்த்தபடி, நல்ல வெளிச்சத்தில் கவனியுங்கள். வலுவான திரட்சி சில நொடிகளிலேயே தெரிந்துவிடும்: ஒரே சிவப்பாக இருந்த திரவம் முதலில் சொரசொரப்பாகிறது, பிறகு செங்கல் நிறத் துகள்கள் பிரிந்து, ஒன்றுசேர்ந்து, பெரிய திட்டுகளாகி, அவற்றுக்கு இடையே திரவம் தெளிந்து வினைப்பொருளின் நிறம் எட்டிப் பார்க்கிறது. தகட்டைச் சாய்க்கும்போது திட்டுகள் உடையாமல் அப்படியே நகர்கின்றன. திரளாத கலவையோ, எவ்வளவு சாய்த்தாலும் ஒரே சீரான மங்கல் சிவப்பாக வழிந்தோடுகிறது. இரண்டு நிமிடத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் ஓரங்கள் உலரத் தொடங்கி, அந்த உலர்ந்த வளையம் திரட்சியைப் போலவே தோன்றும். வெப்பமும் காற்றும் மிகுந்த இடத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும் என்பதால், மின்விசிறிக்குக் கீழே இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள்.

ஆன்டி-ஏயில் மட்டும் திரண்டால் ஏ வகை, ஆன்டி-பியில் மட்டும் திரண்டால் பி வகை, இரண்டிலும் திரண்டால் ஏபி, இரண்டிலும் திரளாவிட்டால் ஓ. ஆன்டி-டியில் திரட்சி இருப்பதும் இல்லாததும் பாசிட்டிவா நெகட்டிவா என்பதைச் சொல்லும். ஒப்பீட்டு இடத்தில் ஒருபோதும் திரட்சி இருக்கக் கூடாது.

இரண்டு முடிவுகளில் கூடுதல் நிதானம்

எட்டு முடிவுகளில் இரண்டு, தம்மைத் தாமே நிரூபித்துக்கொள்வதில்லை. ஏபி பாசிட்டிவ் என்றால் மூன்று இடங்களிலும் திரட்சி. ஆனால் இரத்தத்தில் புரதம் மிகுந்து, அணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் நோயாளியிடமும், குளிரில் செயல்படும் ஆன்டிபாடிகள் தம் அணுக்களையே திரளச் செய்யும் நோயாளியிடமும் இதே காட்சிதான் தெரியும். ஒப்பீட்டு இடம் திரளாமல் இருந்தால் மட்டுமே ஏபி பாசிட்டிவ் என்பதை ஏற்கலாம். அங்கும் திரண்டால் பரிசோதனை முழுவதும் செல்லாது. அணுக்களை உப்புநீரில் (குளிர் ஆன்டிபாடி இருப்பதாக ஐயுற்றால் 37 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான உப்புநீரில்) கழுவி மீண்டும் பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் மாதிரியை இரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

ஓ நெகட்டிவ் இதற்கு நேர்மாறானது. எங்கும் திரட்சி இல்லை என்பதுதான் அதன் அடையாளம். வினைப்பொருள் கெட்டுப்போயிருந்தாலும், மூன்று இடங்களிலும் தவறுதலாக உப்புநீரையே இட்டிருந்தாலும் தகடு இதே போலத்தான் இருக்கும். காலையில் தெரிந்த அணுக்களைக் கொண்டு சரிபார்த்திருந்தால் மட்டுமே, ஒன்றும் நிகழாத அந்தத் தகட்டுக்குப் பொருள் உண்டு. இந்த இரண்டு முடிவுகளையும் இரண்டாம் மாதிரியில், முடிந்தால் வேறொருவரைக் கொண்டு, திரும்பச் செய்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உலர் அட்டைகளும் தாளும்

குளிர்பதன வசதி இல்லாத இடங்களுக்கு உலர் அட்டைகள் பொருத்தமானவை. டென்மார்க்கில் உருவான எல்டன் அட்டை இவற்றில் பரவலாக அறியப்பட்டது. நான்கு வட்டங்களில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி ஆகியவையும் ஒப்பீடும் ஏற்கெனவே உலர்ந்த நிலையில் படிந்திருக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு நீர் விட்டுக் கரைத்து, தனித்தனிக் குச்சியால் இரத்தம் சேர்த்துக் கலந்து, அட்டையை ஒவ்வொரு பக்கமாக நிமிர்த்திப் பிடித்து, திரவம் வழிந்து திரும்ப நேரம் தர வேண்டும். சாய்ப்பதில் அவசரம் காட்டினால் பலவீனமான திரட்சி கண்ணில் படாமல் போய்விடும். அட்டை வரும் உறை கிழிந்திருந்தாலோ, ஈரம் புகுந்து வட்டங்கள் நிறம் மாறியிருந்தாலோ அதைப் பயன்படுத்தக் கூடாது. உலர வைத்து மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒட்டிவிட்டால் அட்டையையே கோப்பில் சேர்த்து வைக்கலாம் என்பது தகட்டுக்கு இல்லாத வசதி.

தாளைக் கொண்டு செய்யும் முறை இன்னும் மலிவானது. அதன் தத்துவமும் அழகானது. துளைகள் நிறைந்த தாளின் மேல் ஆன்டிபாடியை இட்டு உலர்த்தி, அதன்மேல் இரத்தச் சொட்டை விட்டு, சிறிது நேரம் கழித்து உப்புநீரால் கழுவினால், தனித்தனியாக உள்ள சிவப்பணுக்கள் நார்களுக்கு இடையே நழுவிச் சென்றுவிடும். திரண்ட திட்டுகள் நார்களில் சிக்கி நின்றுவிடும். கழுவிய பிறகும் சிவப்பு அப்படியே இருந்தால் அந்த ஆன்டிஜென் உண்டு, வெளுத்துவிட்டால் இல்லை. மிக நெருக்கமான தாளில் தனி அணுக்களும் மாட்டிக்கொள்வதால் வெளுப்பதில்லை; மிக அகன்ற துளைகள் உள்ள தாளில் சிறு திட்டுகளும் ஓடிவிடும். எனவே தாளின் தேர்வுதான் இம்முறையின் வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல், தாளில் எழுத்து வடிவிலேயே ஆன்டிபாடியைப் பதித்து, கழுவிய பிறகு இரத்த வகை எழுத்தாகவே தெரியும்படி செய்து காட்டினார்கள். 2017-இல் சீன ஆய்வாளர்கள், புரோமோகிரசால் கிரீன் என்னும் சாயத்தின் துணையோடு நிற மாற்றத்தைக் கொண்டே வகையைப் படிக்கும் தாளை வெளியிட்டார்கள். வகுப்பறையில் தத்துவத்தை விளக்க வடிதாளும் வினைப்பொருளும் போதும். கையால் தயாரித்த தாளைக் கொண்டு ஒரு நோயாளியின் வகையை அறிவித்துவிடக் கூடாது.

தகடு பேசாத இடங்கள்

சிலருடைய அணுக்களில் டி ஆன்டிஜென் மிகக் குறைவாக இருக்கும். தகட்டில் அது நெகட்டிவ் போலத் தோன்றும், அணுக்களில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியைக் காட்டும் ஆன்டிகுளோபுலின் பரிசோதனையில்தான் வெளிப்படும். கொடையாளர் ஒருவரிடம் இப்படிப்பட்ட பலவீன டி இருந்தால் அவருடைய இரத்தத்தைப் பாசிட்டிவ் என்றே முத்திரையிட வேண்டும், ஏனென்றால் நெகட்டிவ் நோயாளிக்கு அது ஏறினால் அவர் உடலில் ஆன்டி-டி உருவாகக்கூடும். இரத்தம் பெறுபவரைப் பொறுத்தவரை, ஐயம் தீரும் வரை நெகட்டிவ் என்று கருதுவதே பாதுகாப்பு. ஆகவே தகட்டில் நெகட்டிவ் என்று வந்த கொடையாளரின் மாதிரி அனைத்தும் ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டும்.

தகட்டில் நாம் பார்ப்பது அணுக்களை மட்டுமே. ஏ வகையினரின் சீரத்தில் ஆன்டி-பியும், பி வகையினரிடம் ஆன்டி-ஏயும், ஓ வகையினரிடம் இரண்டும் இருக்க வேண்டும், ஏபி வகையினரிடம் இரண்டும் இருக்கக் கூடாது. தெரிந்த ஏ, பி அணுக்களுடன் நோயாளியின் சீரத்தைக் கலந்து இதைச் சோதிப்பது எதிர்வகைப் பரிசோதனை. முன்னதும் பின்னதும் ஒத்துப்போனால்தான் வகை உறுதியாகிறது. இதன் அருமையைக் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு பாம்பே வகை. 1952-இல் பெண்டேயும் அவருடைய குழுவினரும் பாம்பேயில் முதலில் விவரித்த இந்த அரிய வகையினரின் அணுக்களில் ஏ, பி மட்டுமல்லாமல், அவற்றுக்கு அடித்தளமான எச் ஆன்டிஜெனும் இல்லை. தகட்டில் அவர்கள் ஓ வகையினராகவே தெரிவார்கள்; ஆனால் ஓ இரத்தத்தை ஏற்றினால் அவர்களுடைய ஆன்டி-எச் அதைச் சிதைத்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும். ஓ அணுக்களையும் சேர்த்துச் செய்யும் எதிர்வகைப் பரிசோதனையிலோ, நோயாளியின் சீரத்தைக் கொடையாளரின் அணுக்களுடன் கலந்து பார்க்கும் பொருத்தப் பரிசோதனையிலோதான் இது பிடிபடும்.

பச்சிளங்குழந்தைகளிடம் எதிர்வகைப் பரிசோதனை பயன்படாது, ஏனென்றால் அவர்களுக்குச் சொந்த ஆன்டிபாடிகள் சில மாதங்கள் கழித்தே உருவாகின்றன. பிறந்தவுடன் சீரத்தில் இருப்பது தாயிடமிருந்து வந்தது. தொப்புள்கொடி இரத்தத்தில் ஒட்டியிருக்கும் வார்ட்டன் கூழ் (கொடிக்குள் இருக்கும் வழவழப்பான பொருள்) பொய்யான திரட்சியை உண்டாக்கும் என்பதால் அணுக்களைப் பலமுறை கழுவிவிட்டே பார்க்க வேண்டும். அண்மையில் வேறு வகை இரத்தம் ஏற்றப்பட்டவரிடம் திட்டுகளுக்கு நடுவே திரளாத அணுக்களும் கலந்து காணப்படும். எலும்பு மஜ்ஜை மாற்றம் பெற்றவருக்கும் சிலவகை இரத்தப் புற்றுநோய் உள்ளவருக்கும் தகட்டின் சொல்லை வைத்து முடிவெடுக்க இயலாது.

முடிவைப் பதிவு செய்வதும் பயன்படுத்துவதும்

தகட்டைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். நினைவில் வைத்துப் பிறகு எழுதாதீர்கள். “பி பாசிட்டிவ்” என்று முடிவை மட்டும் எழுதாமல், நான்கு இடங்களில் தெரிந்ததையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால், தவறு நேர்ந்தபோது எங்கே நேர்ந்தது என்று தேட வழியிருக்கும். வகை பொருந்தாத இரத்தம் ஏறிய விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர், ஆன்டிபாடியின் குறைபாட்டில் இல்லை; ஒருவரின் மாதிரியில் மற்றொருவரின் பெயர் எழுதப்பட்டதிலும், சரியான பையைத் தவறான படுக்கைக்கு எடுத்துச் சென்றதிலும்தான் இருக்கிறது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் சிவப்பணுக்களை ஏற்றுமுன் படுக்கையருகே நோயாளியின் ஏபிஓ வகையைச் சோதிப்பது கட்டாயமாக்கப்பட்டிருப்பது இதற்காகவே. இந்த எளிய பரிசோதனை தன் முழு மதிப்பைப் பெறுவதும், என் கருத்தில், அந்த இடத்தில்தான்.

கர்ப்பிணி நெகட்டிவ் என்று தெரிந்தால் அவருக்கு உடனே அதைத் தெரிவித்து, ஆன்டிபாடி உள்ளதா என்று அறியும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வழக்கமாக 28-ஆம் வாரத்தில் ஒருமுறையும், குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் மறுமுறையும் தரப்படும் ஆன்டி-டி இம்யூனோகுளோபுலின் ஊசி, தாயின் உடல் தானே ஆன்டி-டி உருவாக்குவதைத் தடுத்து, அடுத்த குழந்தையைக் காப்பாற்றும். இந்த ஊசி உரிய நேரத்தில் கிடைப்பது, முதல் சந்திப்பில் செய்யப்படும் இரண்டு நிமிடச் சோதனையைப் பொறுத்தே அமைகிறது. வகையை அறிவதைத் தள்ளிப்போடுவதற்கு இங்கே எந்த நியாயமும் இல்லை.

இரத்தம் ஏற்றும் முடிவை மட்டும் தகட்டின் பேரில் எடுக்கக் கூடாது. அதற்கு ஆய்வக உறுதிப்பாடும் பொருத்தப் பரிசோதனையும் வேண்டும். பொறுக்க நேரமில்லாத உயிராபத்தில், வகை உறுதியாகும் வரை மருத்துவர் ஓ சிவப்பணுக்களையே தேர்ந்தெடுப்பார். கருவுறும் வயதிலுள்ள பெண்ணுக்கும் சிறுமிக்கும் அது ஓ நெகட்டிவாக இருக்க வேண்டும். அத்தகைய நேரத்திலும் முதல் பையை மாட்டுமுன் நோயாளியிடமிருந்து ஒரு மாதிரியை எடுத்து வைத்துவிடுங்கள், ஏனென்றால் ஏற்றிய பிறகு எடுக்கும் மாதிரியில் கொடையாளரின் அணுக்களும் கலந்திருக்கும்.

வேலை முடிந்ததும் லான்செட்டுகளைத் துளைபடாத பெட்டியில் போட்டு, தகட்டை 0.5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைத்து, பிறகு கழுவி, நல்ல நீரில் அலசி முழுவதுமாக உலர்த்த வேண்டும். சோப்போ குளோரினோ ஒட்டியிருக்கும் தகடு அடுத்த நோயாளியின் அணுக்களை உடைத்து, திரட்சியே தெரியாதபடி செய்துவிடும்.